ஹளானத்: வளர்ப்பவரின் உரிமையா, பிள்ளையின் உரிமையா?

மணமுறிவுக்குப் பின் பிள்ளை எவரிடம் வளர வேண்டும் என்னும் வழக்கை, இஸ்லாமியச் சட்டவியலாகிய ஃபிக்ஹு 'ஹளானத்' என்னும் தலைப்பின்கீழ் ஆராய்கிறது. தன்னைத் தானே பேணிக்கொள்ள இயலாத பிள்ளைக்கு ஊட்டி, உடுத்தி, நோயில் உடனிருந்து, தீங்கிலிருந்து காத்து வளர்க்கும் பொறுப்பை அது குறிக்கும். பிள்ளையின் சொத்து, திருமணம் ஆகியவற்றின் மீதான அதிகாரமாகிய 'விலாயத்' இதனின்று வேறானது. அது பெரும்பாலும் தந்தை வழியைச் சார்ந்தது. பேணுதலையும் அதிகாரத்தையும் இவ்வாறு பிரித்த சட்ட அறிஞர்கள், ஹளானத் வளர்ப்பவரின் உரிமையா, வளர்க்கப்படும் பிள்ளையின் உரிமையா என்னும் கடினமான வினாவையும் எதிர்கொண்டனர்.

இது ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று. வளர்ப்பவரின் உரிமை எனில் அவர் அதை விட்டுக்கொடுக்கலாம். மாலிக்கி மத்ஹபின், அதாவது மாலிக்கி சட்டப் பள்ளியின், பெயர்பெற்ற கருத்து இப்பக்கமே சாய்கிறது. பிள்ளையின் உரிமை எனில், தமக்குச் சொந்தமல்லாத ஒன்றைத் தாயோ தந்தையோ விலைபேச இயலாது. மனைவி ஈடு கொடுத்துப் பெறும் மணவிலக்காகிய 'குலா'வின்போது, பிள்ளையைக் கணவனிடமே விட்டுவிடுவதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தால், மணவிலக்கு செல்லும், அந்த நிபந்தனை செல்லாது என்று ஹனஃபி மத்ஹபின் நூல்கள் தீர்ப்பளிப்பது இதனாலேயே. ஜீவனாம்சத்தைக் குறைத்துக்கொண்டால் பிள்ளையைத் தருவதாகப் பேரம் பேசப்படும் இக்காலத்துக்கு, இதைவிடத் தேவையான சட்டக் கருத்து வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை.

பிள்ளை சற்று வளர்ந்ததும் சிக்கல் ஆழமாகிறது. தனக்குக் கிணற்று நீர் கொண்டுவந்து தரும் மகனை, மணவிலக்கு அளித்த கணவன் கொண்டுபோக முனைகிறான் என்று ஒரு பெண் நபிகள் நாயகத்திடம் முறையிட்டதையும், அவர் முதலில் சீட்டுக் குலுக்கிப் பார்க்கச் சொன்னதையும், தந்தை அதற்கு உடன்படாதபோது சிறுவனையே தேர்ந்தெடுக்கச் சொன்னதையும், அவன் தாயின் கையைப் பற்றிக்கொண்டதையும் அபூதாவூத் தொகுத்த ஹதீஸ் நூல், அதாவது நபிமொழி நூல், பதிவு செய்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை ஆகிய இடங்களின் முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபு இதனை ஆதாரமாகக் கொண்டு, நன்மை தீமை பிரித்தறியும் பருவத்தை, ஏறத்தாழ 7 வயதை, எட்டிய ஆணும் பெண்ணும் தாம் விரும்பும் பெற்றோரிடம் இருக்கலாம் என்கிறது. பின்னர் மனம் மாறினால் மற்றவரிடம் செல்லவும் அது இடமளிக்கிறது. ஹனஃபிகளோ ஆண்பிள்ளை 7 வயது வரையிலும், பெண்பிள்ளை பருவமெய்தும் வரையிலும் தாயிடம் இருப்பர், அதன்பின் தந்தையிடம் செல்வர் என வரையறுத்து, விவரமறியாப் பிள்ளை விளையாட விடுபவரையே நாடும் என்னும் காரணத்தால் தேர்வுரிமையை மறுக்கின்றனர்.

இந்த ஐயத்தைப் புறந்தள்ள முடியாது என்றே, 14ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் அறிஞர் இப்னுல் கையிம் தம் ஆசிரியர் இப்னு தைமிய்யா கூறிய ஒரு வழக்கின் வாயிலாக உணர்த்துகிறார். நீதிபதி முன் தந்தையைத் தேர்ந்தெடுத்த சிறுவனிடம் காரணத்தைக் கேட்குமாறு தாய் வேண்ட, தாய் நாள்தோறும் தன்னைப் பாடத்துக்கு அனுப்புகிறாள், ஆசிரியர் அடிக்கிறார், தந்தையோ விளையாட விடுகிறார் என அவன் விடையளித்ததால், நீதிபதி அவனைத் தாயிடமே ஒப்படைத்தார். பிள்ளையின் சொல் இங்கே புறக்கணிக்கப்படவில்லை. அதற்குப் பின்னுள்ள காரணமும் கேட்கப்பட்டது. பெற்றோரில் ஒருவரைத் துறந்த பாரம் வாழ்நாள் முழுதும் தன் தேர்வினால் வந்ததென்று அச்சிறுவன் சுமக்க நேராதபடி, முடிவின் பொறுப்பை நீதிபதி தாமே ஏற்றார். இந்தியாவின் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர், காப்புக்குட்பட்டோர் சட்டத்தின் 17ஆம் பிரிவும், அறிவார்ந்த விருப்பத்தை உருவாக்கிக்கொள்ளும் வயதை அடைந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று கூறுகிறதேயன்றி, அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று கூறவில்லை.