காவல் நிற்பவளின் அமானிதம்

கால்பந்தாட்டத்தில் கோல் போட்டவரின் பெயர் மறுநாள் பத்திரிகைகளில் எல்லாம் வந்துவிடுகிறது. கோல் விழாமல் தடுத்தவரின் பெயரை யாரும் கேட்பதில்லை. தடுப்பாட்டக்காரர் தொண்ணூறு நிமிடமும் கண்ணை மூடாமல் நின்று காத்திருப்பார். எதுவும் நடக்கவில்லை என்பதே அவருடைய வெற்றி. ஒரே ஒரு முறை கால் தவறினால் போதும், அத்தனை நேரக் காவலும் மறந்துபோய் அந்த ஒரு தவறு மட்டும் நிற்கும். இரவெல்லாம் விழித்து நோயாளியைப் பார்க்கும் தாயின் நிலையும், பிறர் கொடுத்து வைத்த பொருளை ஆண்டுக்கணக்கில் காத்துத் திருப்பிக் கொடுக்கும் நாணயஸ்தனின் நிலையும் இதுவே. நம் மார்க்கம் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: அமானிதம்.

அப்படி ஒரு காவல்காரப் பெண்ணைப் பற்றியும், அவரை முன்னிட்டு எழுகின்ற ஒரு கேள்வியைப் பற்றியும் இம்மாதம் சிந்திப்போம். அவர் பெயர் நுஹைலா பென்ஸினா. மொராக்கோ நாட்டவர். 1998-ல் பிறந்தவர். தலைநகர் ரபாத்தில் உள்ள இராணுவ விளையாட்டுக் கழகத்தின் பெண்கள் அணியில் தடுப்பாட்டக்காரராக ஆடி, அதையே தொழிலாகவும் கொண்டவர். அந்தக் கழகம் 2022-ல் ஆப்பிரிக்கக் கழகங்களுக்கான பெண்கள் சாம்பியன் கோப்பையை வென்றது.

2023 ஜூலை 30 அன்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் மொராக்கோவும் தென் கொரியாவும் மோதின. பென்ஸினா 3-ஆம் எண் சட்டையணிந்து, தலையையும் கழுத்தையும் மறைத்த ஹிஜாபுடன் இறங்கினார். பெண்கள் உலகக் கோப்பையில் ஹிஜாப் அணிந்து ஆடிய முதல் வீராங்கனை அவரே. அன்று மொராக்கோ 1-0 என்று வென்றது. முந்திய ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 6 கோல் வாங்கித் தோற்றிருந்த அணி, அன்று ஒரு கோலும் வாங்கவில்லை. அடுத்து கொலம்பியாவையும் 1-0 என்று வென்று, முதன்முறையாகக் கலந்துகொண்ட உலகக் கோப்பையிலேயே இரண்டாம் சுற்றுக்குப் போனது. அதே பிரிவிலிருந்த ஜெர்மனி வீடு திரும்பியது.

ஒரு துணி உலகக் கோப்பை மைதானத்தை அடைய ஏன் இத்தனை காலமாயிற்று? 2007-ல் கனடாவில் ஹிஜாப் அணிந்த 11 வயதுச் சிறுமியை நடுவர் ஆட்டத்திலிருந்து வெளியேற்றினார். ஆட்டவிதிகளை வகுக்கும் சர்வதேசச் சபையும் அதற்கு இசைவாகவே முடிவு சொன்னது. கழுத்தில் காயம் ஏற்படும் என்பது பிற்பாடு சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2011 ஜூன் மாதம், லண்டன் ஒலிம்பிக்கிற்கான தகுதிச் சுற்றில் ஜோர்தானுடன் ஆட அம்மான் நகரம் வந்திருந்த ஈரான் பெண்கள் அணிக்கு, தலையை மறைத்திருந்த காரணத்தால் ஆட அனுமதி கிடைக்கவில்லை. ஜோர்தான் இளவரசர் அலீ பின் அல்-ஹுஸைன் முதலானோர் விடாது வாதாடினார்கள். 2012-ல் சோதனை முறையில் அனுமதி கிடைத்தது. அச்சோதனைக் காலத்தில் அஞ்சிய அபாயம் எதுவும் தெரியவில்லை. ஆகவே 2014 மார்ச் மாதத்தில் விதி மாறியது. துணி சட்டையோடு ஒட்டியிருக்கக் கூடாது, அணியின் நிறத்துக்கு ஏற்றதாக இருக்கவேண்டும், எவருக்கும் ஆபத்து விளைவிக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். அன்று பென்ஸினாவுக்கு வயது 15.

இங்கே நாம் கவனிக்கவேண்டிய நீதி ஒன்றுண்டு. பிறர் நலன் கருதி ஒன்றைத் தடை செய்கிறோம் என்று சொல்பவர், அந்தத் தீங்கு உண்டா என்று முதலில் பார்த்தறியக் கடமைப்பட்டவர். பார்த்தறியாமல் விதித்த தடை ஏழாண்டுகள் நின்றது. ஏழாண்டு என்பது ஒரு விளையாட்டு வீராங்கனைக்குப் பாதி வாழ்நாள். அந்த ஆண்டுகளில் பந்தை விட்டவர் எத்தனை பேர், முக்காட்டை விட்டவர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை. இழந்த அந்த ஆண்டுகளை எந்தச் சபையாலும் திருப்பித் தர இயலாது. இந்த அநீதி முடிந்துவிடவும் இல்லை. பிரான்சில் கால்பந்துச் சம்மேளனம் தன் போட்டிகளில் ஹிஜாபைத் தடுப்பது செல்லும் என்று அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2023 ஜூன் மாதம் தீர்ப்பளித்தது. ஒரு மாதங்கூட ஆகவில்லை, உலகக் கோப்பை தொடங்கியது. இரண்டாம் சுற்றில் மொராக்கோ சந்தித்ததும் பிரான்ஸ் அணியைத்தான்! 4-0 என்று மொராக்கோ தோற்றது. உலகக் கோப்பையில் அனுமதிக்கப்பட்ட அதே துணியோடு, எதிரணியின் நாட்டில் ஒரு சிற்றூர்ப் போட்டியில்கூட ஒரு முஸ்லிம் பெண் ஆட முடியாது.

இதுவரை படித்த நம் வீட்டார் மகிழ்ந்து தலையசைத்திருப்பார்கள். பிறர் செய்த அநீதியைப் பேசுவது எவருக்கும் எளிது. இனி நம் பக்கம் திரும்புவோம்.

"முக்காடு போட்டிருந்தால் மட்டும் போதுமா? ஆயிரமாயிரம் அந்நிய ஆடவர் பார்க்க ஒரு பெண் ஓடியாடலாமா?" என்று நம்மில் பலர் கேட்பார்கள். இது இலேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. உலமாப் பெருமக்களில் பலர் கூடாது என்றே சொல்கிறார்கள். நிபந்தனைகளோடு இடங்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதையும், ஒரு முறை அன்னையார் முந்தியதையும், பின்னொரு முறை அண்ணலார் முந்தியதையும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அது உடன் வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டுத் தனியே நடந்த பந்தயம் என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. ஆகவே அச்சம்பவம் பெண் ஓடுவதும் விளையாடுவதும் இழிவல்ல என்பதைக் காட்டும். மக்கள் நிறைந்த மைதானத்துக்கு அதிலிருந்து நேரே தீர்ப்பு எடுத்துவிட முடியாது. ஃபத்வா கொடுப்பது நம் வேலையுமன்று. அதற்குரிய ஆலிம்களிடம் கேட்டறிக.

நாம் கேட்கும் கேள்வி வேறு. இருபுறத்தாரும் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு சாரார் "துணியை எடுத்துவிட்டு மைதானத்துக்கு வா" என்கிறார்கள். இன்னொரு சாரார் "மைதானத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வா" என்கிறார்கள். முன்னவர் அவளுடைய விடுதலையின் பெயரால் பேசுகிறார். பின்னவர் அவளுடைய மானத்தின் பெயரால் பேசுகிறார். இவர்களில் அவளிடம் கேட்டவர் யார்? பருவமடைந்து அறிவு நிரம்பிய ஆணும் பெண்ணும் மறுமையில் தத்தம் செயலுக்குத் தாமே பதில் சொல்லவேண்டும் என்பது நம் ஈமான். பதில் அவள் சொல்லவேண்டியதாக இருக்க, முடிவை மட்டும் பிறர் எடுத்துக்கொள்வது எப்படிப் பொருந்தும்? புத்தி சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அவளுடைய மனச்சாட்சியைப் பறித்து நம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

மூன்றாவதாக ஒரு சாராரும் உண்டு. அவர்கள் பென்ஸினாவைக் கொண்டாடியவர்கள். அவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அந்த மொராக்கோ அணியில் முக்காடிட்ட பென்ஸினாவும் ஆடினார், முக்காடில்லாத தோழியரும் ஆடினார்கள். ஒரே சட்டை, ஒரே கொடி. ஒருவர் விட்ட பந்தை மற்றவர் தடுத்தார். நம்மில் சிலரோ அந்த ஒரு பெண்ணின் படத்தை எடுத்துக் காட்டி மற்றவர்களை இழித்துப் பேசினோம். ஒருத்தியின் வணக்கத்தை இன்னொருத்தியை அடிக்கும் கோலாக்குவது எந்த மார்க்கத்தில் உண்டு? செயல்கள் நிய்யத்தைக் கொண்டே மதிக்கப்படுகின்றன என்று குழந்தைப் பருவத்திலேயே ஓதிக்கொடுக்கப்பட்டவர்கள் நாம். அந்த நிய்யத்தோ உள்ளத்தில் இருக்கிறது. உள்ளத்தை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. பென்ஸினாவின் உள்ளமும் நமக்குத் தெரியாது, அவருடைய தோழியரின் உள்ளமும் நமக்குத் தெரியாது. கேமராக்களுக்கு அந்தத் துணி ஒரு சரித்திரச் செய்தி. அணிந்தவருக்கு அது தினந்தோறும் காலையில் செய்கிற சாதாரணக் காரியமாகவே இருந்திருக்கலாம். பார்த்துப் பெருமைப்பட்டவர்கள் நாம். முகஸ்துதி என்னும் நோய் அணிந்தவரைவிடக் கைதட்டியவரைத்தான் அன்று அதிகம் தொட்டிருக்குமோ என்று அஞ்சுகிறோம்.

சில காலத்துக்கு முன் ஒரு தாய் நம்மிடம் வந்தார். பள்ளிக்கூட அணியில் மகளைச் சேர்க்க அழைத்திருக்கிறார்கள் என்றார். "ஊர் என்ன சொல்லும்?" என்பதே அவருடைய முதற் கேள்வி. "பிள்ளை என்ன சொல்கிறாள்?" என்று திருப்பிக் கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவளிடம் நான் கேட்கவே இல்லையே" என்றார். நாமும் அன்று தலைகுனிந்தோம். நம் வீட்டிலும் பல காரியங்களில் நாம் கேட்டதில்லை.

தாய்மார்களே, தந்தைமார்களே! பிள்ளைகள் நம் கையில் அமானிதம். அமானிதத்தைக் காப்பவர் அதைத் தம் சொத்தாக்கிக் கொள்வதில்லை. கடைவீதியில் காட்டிப் பெருமை பேசுவதுமில்லை. நல்லது கெட்டதை எடுத்துச் சொல்லுங்கள். ஹலால் ஹராமைக் கற்றுக் கொடுங்கள். ஆலிம்களிடம் அழைத்துப் போங்கள். அதன் பிறகு உட்கார்ந்து, அவள் பேசுவதைக் கேளுங்கள். தடுப்பாட்டக்காரர் பந்துக்கும் வலைக்கும் நடுவில் நிற்கிறார், ஆட்டத்தையே நிறுத்திவிடுவதில்லை. பெற்றோரின் காவலும் அவ்வளவில் இருக்கட்டும்.

நம் பிள்ளைகளின் உள்ளங்களை நேர்வழியில் நிறுத்தவும், நம் நாவுகளைப் பிறர் மானத்திலிருந்து காக்கவும் வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.