வினையின் பெயரால்

பச்சிளங்குழந்தை ஒன்று இறந்துவிட்டால், 'எல்லாம் அதன் வினைப்பயன்' என்று கூறி மனத்தைத் தேற்றிக்கொள்வது பலரின் வழக்கம். கர்ம நியதியில் நம்பிக்கை உடையோரே இச்சொல்லைச் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, 2020-ஆம் ஆண்டில் கேரளத்தில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 6 குழந்தைகள் ஒரு வயது நிறைவதற்குள் இறந்தன. மத்தியப் பிரதேசத்தில் அந்த எண்ணிக்கை 43. நாட்டின் சராசரி 28. நாடு ஒன்று, ஆண்டு ஒன்று. மரணமோ ஏறத்தாழ ஏழு மடங்கு வேறுபடுகிறது. தாயின் கல்வி, ஊட்டம், மணவயது, தூய குடிநீர், எட்டும் தொலைவில் மருத்துவ உதவி ஆகியவற்றில் உள்ள ஏற்றத்தாழ்வே இதற்குப் பெரிதும் காரணம்.

'எங்குப் பிறப்பது என்பதையும் வினைதான் தீர்மானிக்கிறது' என்று ஒருவர் வாதிடலாம். அவர் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தை நோக்கட்டும். 1990-களில் அங்கு மருத்துவத் தம்பதியரான அபய் பங், ராணி பங் இருவரும் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பைக் கிராமப் பெண்களுக்கே பயிற்றுவித்தனர். குழந்தையைக் கதகதப்பாக வைத்திருத்தல், தாய்ப்பால் ஊட்டச் செய்தல், மூச்சுத்திணறலைப் போக்குதல், கிருமித்தொற்றுக்கு உரிய நேரத்தில் மருந்தளித்தல் ஆகிய யாவும் வீட்டிலேயே நடைபெற்றன. இவ்வுதவி கிட்டாத கிராமங்களோடு ஒப்பிடுகையில், மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை மரணம் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்திருந்ததை 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது. மண்ணும் வறுமையும் அப்படியே இருந்தன. குழந்தைகளைச் சூழ்ந்திருந்தோரின் செயல் மாறியது.

கர்மம் என்ற சொல்லுக்கே செயல் என்பது பொருள். பழைய செயலுக்குப் பயன் உண்டெனில், இன்று செய்யும் செயலுக்கும், செய்யத் தவறும் கடமைக்கும் பயன் உண்டு. தன் துன்பத்தைப் பொறுமையுடன் ஏற்பதற்குக் கர்மக் கொள்கை துணைநிற்கும். பிறர் துன்பத்தின் முன் வாளா இருப்பதற்கு அதையே காரணம் காட்டுவது அக்கொள்கைக்கு இழைக்கும் அநீதியாகும். மற்றவரின் முன்வினை மனித அறிவுக்கு எட்டாதது. அவருக்குத் தேவைப்படும் பாலும் மருந்தும் எட்டக்கூடியவை.

1899-இல் கல்கத்தாவில் பிளேக் நோய் பரவியபோது, சுவாமி விவேகானந்தரின் சீடர்களான சகோதரி நிவேதிதையும் சுவாமி சதானந்தரும் துப்புரவுப் பணியை முன்னின்று நடத்தினர். நோயுற்றோரின் முற்பிறவியை ஆராய்ந்துகொண்டு அவர்கள் காலம் தாழ்த்தவில்லை.

ஜீவனிடம் சிவனைக் காண்பவருக்கு மாநில எல்லை ஒரு பொருட்டன்று. ஆறுக்கும் நாற்பத்து மூன்றுக்கும் இடையிலுள்ள தொலைவு, செய்யப்படாமல் நின்றுபோன பூஜையாகவே அவருக்குத் தோன்றும்.