பச்சிலை அறிவுக்குப் பங்கு உண்டோ?

அருமனைக்கு வடகிழக்கே மலைச்சாரலில் உறையும் காணிக்காரர் பச்சிலைகளின் குணமறிந்தவர். 1987-இல் அகத்தியமலை சென்ற ஆராய்ச்சியாளர், வழிகாட்டிய காணிகள் ஒரு செடியின் கனியை உண்டு களைப்பின்றி நடந்தமை கண்டு வினவினர். அவர் எளிதிற் சொன்னாரல்லர். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியினின்று பாலோட்டுத் தாவர ஆராய்ச்சி நிலையத்தார் ‘ஜீவனி’ என்னும் மருந்து ஆக்கினர். 1995-இல் அதன் செய்முறையுரிமையை மருந்துச்சாலையொன்றற்கு அளித்தபோது, பெற்ற பத்து இலக்க ரூபாயிலும், விற்பனையில் நூற்றுக்கிரண்டாகிய பங்கிலும் பாதியைக் காணிகட்கென வகுத்தனர். நன்று.

இறைவன் படைத்த பச்சிலைக்கு மனிதர் கூலி கொள்ளலாமோ என்பார் உளர். கூலி செடிக்கன்று, அதனை அறிந்து காத்தமைக்கு. (அங்ஙனம் வினவுவோர் தம் நூலுக்கு மட்டும் விலை குறிப்பர்!)

ஆயின், 1997-இல் பதிவான அறநிலையம் கேரளக் காணிகளின் பெயரால் அமைந்தது. 1956-இல் வகுத்த எல்லைக்கு இப்பால், பேச்சிப்பாறைக் காட்டில் வாழும் அவர்தங் கிளைஞர்க்கு அப்பங்கு எங்ஙனஞ் சேரும்?