மூன்று ஓட்டு மனிதர்

நியாயம் செய்வதற்காகச் சட்டத்தை மீறலாமா? பட்டிமண்டபத்தில் இந்தக் கேள்வியைப் போட்டால் இரு தரப்பாரும் கைதட்டல் வாங்கிவிடலாம். ஒரு தேசத்தின் மந்திரிசபையே இதற்குப் பதில் சொல்ல நேர்ந்த கதை ஒன்று உண்டு. தேசம் பெல்ஜியம், ஆண்டு 1918.

அதற்கு முன் அங்கே நடந்த தேர்தல் வினோதமானது. 1893ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி 25 வயதான ஆண்மகனுக்கு ஓர் ஓட்டு. 35 வயதாகி, குடும்பஸ்தனாகி, வீட்டுக்கு 5 பிராங்க் வரியாவது கட்டினால் இன்னொன்று. சொத்து இருந்தாலும் ஒன்று கூடும். உயர்படிப்புப் பட்டம் இருந்தால் இரண்டு கூடும். எப்படிக் கூட்டினாலும் மூன்றைத் தாண்டாது.

சிரித்துவிட வேண்டாம். முன்பு குறிப்பிட்ட அளவு வரி கட்டியவர்களுக்கு மட்டுமே ஓட்டு இருந்தது. அவர்கள் தொகையைச் சுமார் பத்து மடங்காக்கிய சீர்திருத்தம் இது. படித்தவனுக்கும் பாமரனுக்கும் ஒரே ஓட்டா என்று அங்கலாய்க்கும் நண்பர்கள் எனக்கும் உண்டு. அவர்களில் ஒருவராவது தம்மை ஓர் ஓட்டு வரிசையில் வைத்துப் பேசி நான் கேட்டதில்லை.

கத்தோலிக்கக் கட்சி 1884 முதல் தனித்து ஆண்டது. த ஸ்மெட் த நேயர், த்ரோஸ், ஷொலார்ட், ப்ரோக்வில் என்று மந்திரிசபைத் தலைவர்கள் மாறினார்கள், கட்சி மாறவில்லை. சமமான ஓட்டுக் கேட்டுத் தொழிலாளர்கள் 1902இலும் 1913இலும் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதல் தடவை லூவேன் நகரில் துப்பாக்கி பேசியது. இரண்டாம் தடவை ப்ரோக்வில் ஒரு கமிட்டிக்கு இசைந்தார். கமிட்டி முடிவு காண்பதற்குள் உலக யுத்தம் வந்துவிட்டது.

ஈஸர் நதிக்கரைப் பதுங்குகுழிகளில் நான்கு ஆண்டுகள் கிடந்தவர்களில் 25 வயதாகாத பையன்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஓட்டே கிடையாது. ஓட்டுக்கு ஒரு குண்டு என்று ஜெர்மானியர் கணக்குப் பார்த்துச் சுடவுமில்லை!

1918 நவம்பரில், ப்ரூஜ் நகருக்கருகே லோப்பெம் மாளிகையில் தங்கியிருந்த ஆல்பர்ட் அரசரைக் காண லிபரல் கட்சியின் பால் எமீல் ஜான்சனும் சோஷலிஸ்டு அன்சேலும் வந்தார்கள். பிறகு அமைந்த மூன்று கட்சி மந்திரிசபைக்கு லெயோன் தெலக்ருவா தலைவர்; பாராளுமன்றத்திலேயே இல்லாத ஒரு வக்கீல். பிரதம மந்திரி என்ற பட்டத்தை அதிகார பூர்வமாக அங்கே முதலில் ஏற்றவர் அவரே.

அரசியல் சட்டத்தைத் திருத்தப் பாராளுமன்றத்தைக் கலைத்து, பழைய முறையிலேயே தேர்தல் நடத்தி, புதிய சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு பெற வேண்டும். அதாவது, மூன்று ஓட்டுக்காரரிடமே போய், "ஐயா, தங்கள் இரண்டு ஓட்டைத் தயவுசெய்து விட்டுக்கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். தெலக்ருவா சர்க்கார் அப்படிக் கேட்கவில்லை. 1919 மே மாதம் சாதாரணச் சட்டம் ஒன்றினால் 21 வயது ஆண்கள் எல்லோருக்கும் தலைக்கு ஓர் ஓட்டுக் கொடுத்தது. நவம்பரில் தேர்தல் நடந்தது. அரசியல் சட்டம் திருந்தியதோ 1921இல். கல்யாணம் முடிந்த பிறகு நிச்சயதார்த்தம்! தெலக்ருவா கத்தோலிக்கர். அந்தத் தேர்தலில் பெரும்பான்மையை இழந்தது அவருடைய கட்சிதான். பழமைவாதிகள் லோப்பெமை மன்னிக்கவில்லை. 1930இல் கூட அரசர் அதற்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது.

நான் தெலக்ருவா பக்கம்தான். அநியாயத்தால் லாபம் பெறுகிறவன் கையிலேயே அதன் பூட்டும் சாவியும் இருக்கும்போது, கதவை உடைத்தவனைத் திருடன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால், உடைத்த கதவு வழியே யாரை உள்ளே விட்டார்கள்?

பெண்களுக்கும் ஓட்டுக் கொடுக்கலாம் என்றது கத்தோலிக்கக் கட்சி. பெண்கள் பாதிரியார் சொற்படி நடப்பார்கள் என்ற நம்பிக்கை அதற்கு. அதே காரணத்தால் லிபரல்களும் சோஷலிஸ்டுகளும் அஞ்சினார்கள். ஒருவர் கொடுக்கச் சொன்னதும் மற்றவர் மறுத்ததும் ஒரே கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான்! முடிவில் போரில் மாண்ட வீரர்களின் விதவைகள், சில நிலைகளில் அவர்களின் விதவைத் தாய்மார், பகைவர் சிறையில் வாடிய பெண்கள், இப்படிச் சிலருக்கே ஓட்டுக் கிடைத்தது. வீரனின் மனைவி மறுமணம் செய்துகொண்டால் அதுவும் இல்லை.

1921இல் மாரி ஜான்சன் செனட் உறுப்பினரானார். அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் முதல் பெண்மணி. சர்வஜன வாக்குரிமைக்குப் போராடிய பால் ஜான்சனின் மகள். லோப்பெமுக்குப் போனவரின் உடன்பிறப்பு. அமர்ந்ததோ பெண்களின் ஓட்டுக்கு அஞ்சிய சோஷலிஸ்டுக் கட்சியின் வரிசையில். நாட்டுக்குச் சட்டம் செய்யலாம். பாராளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. 1948இல் பெண்கள் எல்லோருக்கும் அந்த உரிமை வந்தபோது பிரதம மந்திரியாக இருந்தவர் பால் ஹென்றி ஸ்பாக், அந்த அம்மையாரின் மகன். மறு ஆண்டு தேர்தல் வந்தபோது தாய்க்கு எழுபது வயது தாண்டியிருந்தது.