சரிக்கட்டும் தீர்ப்பு

 

நியாயம் சொல்லும் இடத்தில் இருப்பவர் ஒருமுறை தவறிவிடுகிறார். பின்னர் அது தவறென்று அவருக்கே விளங்குகிறது. அதைச் சரிக்கட்டும் பொருட்டு, பாதிக்கப்பட்டவர் பக்கம் வேண்டுமென்றே இன்னொரு தீர்ப்பைச் சாய்த்துவிடலாமா? கேட்ட மாத்திரத்தில் "கூடாது" என்போம். ஆனால் நடப்பில் நம்மில் பெரும்பாலோர் அதை நியாயமென்று எண்ணிக் கைதட்டுகிறோம் என்பதைச் சென்ற மாதம் பினாங்கு பாடாங் பிரவுன் திடலில் கண்டேன்.

அங்கு நடந்தது லீக் ஆட்டமுமன்று, கோப்பை ஆட்டமுமன்று. அக்கம்பக்கத்து வாலிபர்கள் இரு கட்சியாய்ப் பிரிந்து ஆடிய சிநேகப் பந்தயம். டிக்கெட்டு இல்லை, கோட்டு நடுவர்களும் இல்லை. நடுவர் ஒருவரே; அவரும் ஐம்பதைத் தாண்டியவர். அந்த வயதிலும் பந்தோடு ஓடினார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நம்மில் பலருக்குக் கல்லாவை விட்டு எழுந்திருப்பதே பெரும்பாடு. முற்பாதியில் சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் கோல் அருகே தம் கால் தடுக்கித் தாமே விழுந்தார். நடுவரோ வெகு தூரத்தில் இருந்தார். இடையில் நாலைந்து பேர் மறைத்து நின்றார்கள். விசில் ஊதினார்; பெனால்டி; கோல். மஞ்சள் கட்சியார் கூச்சலிட்டார்கள். பிற்பாதியில் மஞ்சள் கட்சியில் ஒருவர் அதேபோல் விழுந்தார். இம்முறை நடுவர் பத்தடி தூரத்தில் நின்றார். எதிராளி எவரும் அவரைத் தொடவில்லை என்பது வெளியே நின்ற எங்களுக்கே தெரிந்தது. மறுபடியும் விசில், பெனால்டி, கோல். ஒன்றுக்கு ஒன்று. என் பக்கத்தில் நின்ற பலசரக்குக் கடைக்காரர், "விடுங்க பாய், ரெபரி நல்ல மனுஷன். கணக்கை நேராக்கிட்டாரு" என்றார்.

நடுவரின் உள்ளத்தை அல்லாஹ்வே அறிவான். இரண்டாம் முறையும் அவர் மெய்யாகவே ஏமாந்திருக்கலாம். ஆகவே அவரை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவர் புகழ்ந்தாரே, அந்தக் 'கணக்கை நேராக்கும்' செயலை மட்டும் ஆராய்வோம்.

முதல் விசிலைப் பற்றி நமக்கு வழக்கில்லை. தன்னால் இயன்றவரை முயன்று தீர்ப்பளிக்கும் நீதிபதி சரியாகச் சொன்னால் இரு நற்கூலி, தவறிவிட்டால் ஒரு நற்கூலி என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள நபிமொழியின் கருத்து. தவறியவருக்கும் கூலி! அதற்குக் காரணம், அவர் தாம் கண்டதை, தாம் உண்மையென நம்பியதைச் சொன்னார் என்பதே. இப்பொழுது இரண்டாவது விசிலை எண்ணிப் பாருங்கள். சரிக்கட்டுவதற்காக ஊதுகிறவர் தாம் காணாததைக் கண்டதாகச் சொல்கிறார். முதலாவது பிழை; இரண்டாவது பொய். பிழையைப் பொய்யால் கழுவிவிட்டு, வெளியே 'ஒன்றுக்கு ஒன்று' என்று பலகையில் எழுதிவிடுகிறோம்.

இதற்கு ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. நமது கடைகளில் நடப்பதை வைத்தே அதைச் சொல்லலாம். நேற்று ஒரு வாடிக்கையாளருக்கு மிளகாய்த்தூள் ஐம்பது கிராம் குறைந்துவிட்டதென்று இன்று தெரியவந்தால், இன்று ஐம்பது கிராம் கூட்டிப் போடுகிறோம். அது தவறா? தவறல்லவே! கடமையன்றோ? அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்க ஒரு தனி அத்தியாயமே, அல்முதஃப்பிஃபீன் என்ற பெயரில், திருமறையில் இருக்கிறதே. அங்ஙனமாயின் மஞ்சள் கட்சிக்கு ஒரு பெனால்டியைத் திருப்பிக் கொடுத்ததில் என்ன குற்றம்?

குற்றம் இதுதான். நான் கூட்டிப் போடும் ஐம்பது கிராம் என் மூட்டையிலிருந்து வருகிறது. நடுவர் கொடுத்த பெனால்டி யாருடைய மூட்டையிலிருந்து வந்தது? சிவப்புக் கட்சியின் கோல்காப்பாளரும் பின்வரிசைக்காரர்களும் ஒரு குற்றமும் செய்யவில்லை. முன்பு விழுந்தவர் பாசாங்கு செய்தார் என்றே வைத்துக்கொண்டாலும், மற்றப் பத்துப் பேரின் பாடுபட்ட ஹக்கு என்னாவது? நடுவர் தம் கடனை அடுத்தவர் பணப்பெட்டியைத் திறந்து அடைத்தார். அதைத் தயாளம் என்று ஊர் மெச்சுகிறது.

இன்னொரு கேடும் உண்டு. இன்று இப்படிச் சரிக்கட்டியவரிடம் நாளை ஆட்டக்காரர்கள் வந்து, "எங்களுக்கு ஒன்று பாக்கி" என்பார்கள். விழுந்தவன் தள்ளப்பட்டானா என்ற கேள்வி போய், யாருக்கு எத்தனை பாக்கி என்ற பற்று வரவு வந்துவிடும். பிறகு அவர் மெய்யான குற்றத்துக்கு ஊதினாலும், இது பழைய பாக்கிதானே என்றே ஜனங்கள் நினைப்பார்கள்.

பராயிள் எனும் பாகப்பிரிவினைக் கலையைப் படித்தவர்கள் ஹிமாரிய்யா என்ற மஸ்அலாவை அறிவார்கள். இறந்தவள் ஒரு பெண். வாரிசுகள்: கணவன், தாய், தாய்வழிச் சகோதரர்கள், உடன்பிறந்த சகோதரர்கள். கணவனுக்குப் பாதி, தாய்க்கு ஆறில் ஒன்று, தாய்வழிச் சகோதரர்களுக்கு மூன்றில் ஒன்று போக மிச்சமில்லை, உடன்பிறந்தோர் வெறுங்கை. கலீபா உமர் (ரலி) அவர்கள் முதலில் அவ்வாறே தீர்த்தார்கள். பின்னர் இதேபோன்ற வழக்கு வந்தது. "எங்கள் தகப்பனைக் கழுதை என்றே வைத்துக்கொள்ளுங்கள், தாய் ஒருத்திதானே?" என்னும் கருத்தில் உடன்பிறந்தோர் வாதாடவே, அந்த மூன்றில் ஒன்றில் அவர்களையும் கூட்டாக்கினார்கள். ஷாபிஈ மத்ஹபில் இன்றும் அதுவே சட்டம். ஹனபி மத்ஹபில் முந்தியதே சட்டம். முன்பு வேறு விதமாகத் தீர்த்தீர்களே என்று கேட்டதற்கு, அது அன்றைக்குத் தீர்த்தபடி, இது இன்றைக்குத் தீர்த்தபடி என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். கவனியுங்கள்! முந்திய குடும்பத்துக்கு ஈடுகட்ட வேண்டுமென்று பிந்திய குடும்பத்தின் பங்கில் கைவைக்கவில்லை. ஒவ்வொரு வழக்கும் அதனதன் காலில் நின்றது.

பந்து விளையாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1986 ஜூன் 22ந் தேதி, மெக்ஸிகோவில் அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் மோதிய உலகக் கோப்பைக் காலிறுதி. நடுவர் துனீசியா தேசத்து அலீ பின் நாஸிர். 51வது நிமிடத்தில் மரடோனா கையால் தட்டியதை அவர் காணவில்லை, கோல் என்றார். ஆங்கிலேய ஆட்டக்காரர்கள் சூழ்ந்துகொண்டு முறையிட்டார்கள். நான்கு நிமிடம் கழித்து அதே மரடோனா தம் பாதி மைதானத்திலிருந்து எதிரிகளைத் தாண்டித் தாண்டிப் பந்தைக் கொண்டு போகிறார். சரிக்கட்டும் எண்ணமுள்ளவருக்கு ஏதாவது சாக்கில் ஊத எத்தனை சந்தர்ப்பம்! அவர் ஊதவில்லை. அந்த கோலைத்தான் 2002ல் நடந்த வாக்கெடுப்பில் உலகக் கோப்பையின் தலைசிறந்த கோலாக ரசிகர்கள் தேர்ந்தார்கள். முதல் பிழைக்காக அவரை ஏசுவோர் இன்றும் உண்டு. நான் இரண்டாவதற்காக அவரை மதிக்கிறேன்.

அப்படியானால் பிழைக்குப் பரிகாரமே இல்லையா என்பீர்கள். உண்டு. ஆட்டம் மீண்டும் தொடங்குமுன் தவறென்று உணர்ந்தால் நடுவர் தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம் என்பது விளையாட்டு விதி. தொடங்கிவிட்டால் கதவு அடைபட்டது. 2018 உலகக் கோப்பை முதல் படக்காட்சியைப் பார்த்துத் திருத்தும் முறையும் சேர்ந்தது. வியாபாரத்தில் ஷாபிஈ மத்ஹபுக்காரர்கள் அறிந்த கியாருல் மஜ்லிஸும் ஏறத்தாழ இதே போன்றது: பேரம் முடித்த இருவரும் அவ்விடம் விட்டுப் பிரியுமுன் முறித்துக்கொள்ளலாம், பிரிந்தபின் இல்லை. எல்லார் முன்னும் "நான் தவறிவிட்டேன்" என்று கையுயர்த்தத் தைரியம் வேண்டும். சரிக்கட்டுவதற்கு அந்தத் தைரியம் தேவையில்லை. அதனால்தான் பலர் அதை நாடுகிறார்கள்.

இத்தனையும் பந்துக்காக எழுதவில்லை. கூட்டாளிகள் பிரியும்போதும், அண்ணன் தம்பி கடையைப் பங்கிடும்போதும் நம்மில் மூத்தவர்களைத்தான் நடுவராய் அழைக்கிறார்கள். "போன தடவை அவருக்குச் சாதகமாய்ப் போயிட்டது, இந்தத் தடவை இவருக்குக் கொடுத்துடுவோம்" என்று தேநீர் ஆறுமுன் முடிந்த பஞ்சாயத்துகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இதை சுல்ஹு, அதாவது சமாதானம் என்று சொல்லிக்கொள்கிறோம். சமாதானத்தைத் திருமறையும் மெச்சுகிறது. ஆனால் சுல்ஹு என்பது உரியவர் தம் ஹக்கு இவ்வளவென்று அறிந்து, மனமொப்பி விட்டுக்கொடுப்பது. அவர் அறியாமல் நாம் விட்டுக்கொடுப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. இருவரையும் உட்கார வைத்து, "கணக்குப்படி உமக்குச் சேரவேண்டியது இவ்வளவு, இதில் எவ்வளவு விடச் சம்மதம்?" என்று வாய்விட்டுக் கேட்க ஐந்து நிமிடமும் ஆகாது. அப்படிக் கேட்ட பஞ்சாயத்தை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.