உங்கள் மதம் எது?



இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுத்தார்கள். அதில் ‘உங்கள் மதம் எது?’ என்றும் ஒரு கேள்வி. விருப்பமிருந்தால் பதில் சொல்லலாம், இல்லையேல் விட்டுவிடலாம். 2001இல் இக்கேள்விக்கு நூற்றுக்கு 72 பேர் கிறிஸ்தவர் என்று பதில் தந்திருந்தனர். 2011இல் அது 59 ஆயிற்று, 2021இல் 46. மதமே இல்லை என்றவர்களோ 15இலிருந்து 25 ஆகி, இப்போது 37 ஆகிவிட்டார்கள். இருபதே ஆண்டுகளில் இத்தனை மாற்றம்!

இதைக் கேட்டதும் நம்மவர் சிலருக்கு ஓர் உற்சாகம் பிறக்கிறது. அதே கணக்கில் முஸ்லிம்கள் பத்தாண்டில் நூற்றுக்கு 4.9இலிருந்து 6.5 ஆக உயர்ந்திருப்பதை எடுத்துச் சொல்லி மகிழ்கிறார்கள். நமக்கு இந்த மகிழ்ச்சியில் உடன்பாடில்லை. அடுத்த வீட்டுக் கூரை இறங்குகிறதென்றால், நம் வீட்டு உத்திரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டாமா?

அந்நாட்டில் மதத்தை யாரும் தடை செய்யவில்லை. அரசே மதத்தின் பக்கம்தான் நிற்கிறது. மன்னரே அங்குள்ள திருச்சபைக்குத் தலைவர். 2023 மே 6 அன்று அவருக்கு முடி சூட்டியவர் ஒரு பேராயர்தான். பாராளுமன்றத்தின் மேலவையில் 26 ஆயர்களுக்கு இடம் உண்டு. பள்ளிக்கூடங்களில் நாள்தோறும் கூட்டு வழிபாடு நடைபெற வேண்டுமென்று 1944லேயே சட்டமும் செய்தார்கள். சட்டம் இருந்தது, சிம்மாசனம் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. பின் எங்கே ஓட்டை விழுந்தது?

1851 மார்ச் 30, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று அந்நாட்டில் வேறு விதமாகக் கணக்கெடுத்தார்கள். வழிபாட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று தலைகளை எண்ணினார்கள். 2001இல் கேட்டதோ பெயரை மட்டுமே. 2005இல் கிறிஸ்தவர்களே எடுத்த ஒரு கணக்கின்படி, இங்கிலாந்தில் ஞாயிறு வழிபாட்டுக்குச் சென்றவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை! ஆக, கிறிஸ்தவர் என்று எழுதிய 72 பேரில் மிகப் பலருக்கு அது பாட்டனார் விட்டுச் சென்ற பெயர், அவ்வளவுதான். தகப்பன் பழக்கத்தால் எழுதினார். அவர் வணங்கி மகன் கண்டதில்லை. ஆகவே மகன் ‘மதமில்லை’ என்று எழுதினான். அவன் பொய் சொல்லவில்லை. வீட்டில் கண்டதைத்தான் எழுதினான். வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் நம் வீடுகளுக்கு இதுதான் பெரிய காரணமாகத் தோன்றுகிறது.

‘மதம் அவரவர் மனதோடு இருக்கட்டும், வெளியே எதற்கு?’ என்பது அங்கே நாகரிகமான பேச்சு. இப்பேச்சை இங்கும் கேட்கிறோம். கல்யாண வீட்டில் பாங்கு சொன்னபின்னும் பந்தியில் அமர்ந்திருப்பவர், “ஹஜ்ரத்! ஈமான் கல்பில் இருந்தால் போதாதா?” என்கிறார். கேள்வி பழையதுதான். ஈமான் என்பது உள்ளத்தால் உண்மையென ஏற்று நாவால் மொழிவது என்றார்கள் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள். சொல்லும் செயலும் சேர்ந்ததே ஈமான் என்றார்கள் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள். மதரஸாவில் இதற்கே பல நாள் பாடம் நடக்கும். ஆனால் அமல் வேண்டியதில்லை என்று இவ்விருவரில் யாரும் சொல்லவில்லை. பந்தியில் அமர்ந்தவர் எந்த மத்ஹபைச் சேர்ந்தவரோ, நாமறியோம்!

அவரை விடுங்கள். தொழுகிற வாப்பா, ஓதுகிற உம்மா உள்ள வீட்டில் என்ன நடக்கிறது? பத்து வயதுப் பிள்ளையை சுபுஹுக்கு எழுப்ப மனம் வருவதில்லை. “பாவம், தூங்கட்டும்!” அதே பிள்ளைக்கு ஆறு மணிக்கு டியூஷன் என்றால் உம்மா முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்புகிறார். பரீட்சை வருகிறதென்று ஓதப்பள்ளியை நிறுத்துகிறோம். பரீட்சை முடிந்தபின் திரும்பிப் போகும் பிள்ளைகள் எத்தனை பேர்? எது விட்டுவிடக் கூடியது, எது விடக் கூடாதது என்று அந்தப் பிள்ளை மனதில் எழுதிக்கொள்கிறது. பாடம் நடத்தியது நாம்தான்.

நம் நாட்டிலும் கணக்கெடுப்பவர் வீட்டு வாசலுக்கு வருகிறார். குடும்பத் தலைவர் எல்லோருக்குமாகச் சேர்த்து ‘இஸ்லாம்’ என்கிறார். அவர் எழுதிக்கொண்டு போய்விடுகிறார். உள்ளறையில் இருக்கும் பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை.

யஃகூப் (அலை) அவர்கள் கேட்டார்கள். சூரத்துல் பகராவில் அந்நிகழ்ச்சியை அல்லாஹ் கூறுகிறான். மரணம் நெருங்கிய வேளை. மக்களை அழைத்து, சொத்தைப் பற்றியோ மந்தையைப் பற்றியோ கேட்கவில்லை. ‘உங்கள் மார்க்கத்தின் பெயர் என்ன’ என்றும் கேட்கவில்லை. தமக்குப் பின் எதை வணங்குவார்கள் என்று கேட்டார்கள். கேள்வி இபாதத்தைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். அவர்கள் ஒரு நபி. தந்தை இஸ்ஹாக் (அலை) நபி. பாட்டனார் இப்ராஹீம் கலீலுல்லாஹ். மகன் யூஸுஃப் (அலை) அவர்களும் நபி. அப்படிப்பட்ட வீட்டில், தானாகவே எல்லாம் நடக்கும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. இந்தப் பிள்ளைகள்தாம் முன்பு தம்பியைக் கிணற்றில் போட்டுவிட்டு, சட்டையில் பொய் இரத்தம் தடவிக்கொண்டு வந்து தகப்பன் முன் அழுதவர்கள். அவர்களையும் அழைத்து வைத்துத்தான் கேட்டார்கள். தந்தையும் அவருடைய மூதாதையரும் வணங்கிய அந்த ஒரே இறைவனையே வணங்குவோம் என்று அந்தப் பிள்ளைகள் பதில் சொன்னார்கள்.