எண்ணும் சாட்சியும்

1965 ஆம் ஆண்டில் யப்பானில் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் கருவியொன்றுக்கு ‘மன்போ-கெய்’ எனப் பெயரிட்டனர்; 10,000 காலடிகளை அளக்கும் மானி என்பது அதன் பொருள். முந்திய ஆண்டு நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுக்கள் எழுப்பிய ஆர்வத்தை ஒட்டி வந்த வணிகப் பெயர் அது; மருத்துவ ஆய்வின் முடிபன்று. எனினும் அவ்வெண்ணே இன்று மணிக்கட்டிற் கட்டும் சிறு கணனிகளிலும் அன்றாட இலக்காக நிலைத்துவிட்டது. எமது விடுதி நண்பரொருவர் இரவிற் படுக்கையிற் சாய்ந்தவாறே கையை ஆட்டியாட்டி எஞ்சிய 300 காலடிகளை நிறைவு செய்வார். கருவி அவரைப் பாராட்டவும் தவறுவதில்லை.

இதனை நகைத்து ஒதுக்கிவிடலாம். ஏனெனில் இங்கே அளப்பவர், அளக்கப்படுபவர், பொய்யின் விலையைக் கொடுப்பவர் ஆகிய மூவரும் ஒருவரே. பொதுநிதியிலோ இம்மூவரும் வேறுவேறானவர்கள். உடலை அளக்கும் கணனியையும் அரசின் கணக்கை அளக்கும் கணனியையும் ஒரே வகையான முன்னேற்றமாகக் கருதுவோர் இவ்வேறுபாட்டைக் காணத் தவறுகின்றனர்.

எமது நாட்டின் அண்மைக்கால அனுபவம் இதற்குத் தக்க சான்று. 2021 ஆம் ஆண்டின் இறுதியில் அந்நியச் செலாவணி ஒதுக்கு ஏறத்தாழ 3.1 பில்லியன் டொலர் என மத்திய வங்கி வெளியிட்டது. அதில் ஏறக்குறைய அரைவாசி, சீன மத்திய வங்கியுடன் செய்துகொண்ட நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டினால் வந்தது. மூன்று மாத இறக்குமதிக்குப் போதிய ஒதுக்கு இருந்தாலன்றி அதனைப் பயன்படுத்த இயலாது என்பது பின்னரே பலருக்கும் தெரியவந்தது. கூட்டலிற் பிழையில்லை, எந்தக் கணனியும் அதனைச் சரியெனவே காட்டியிருக்கும். 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகள் இடைநிறுத்தப்பட்டன. எரிபொருள் வரிசைகளில் இரவு பகலாக நின்றவர்கள் அவ்வெண்ணை எழுதியவர்கள் அல்லர்.

அப்படியாயின் கணனியாற் பயனில்லையா? உண்டு. பிறேசிலில் 2016 இல் குடிமக்கள் சிலர் கூடி அமைத்த ‘ரோசி’ என்னும் கணனி நிரல், பாராளுமன்ற உறுப்பினர்கள் பொதுப்பணத்திலிருந்து மீளப்பெற்ற உணவுச் செலவுகளை ஆராய்ந்து, ஐயத்துக்குரியவற்றைப் பகிரங்கமாகச் சுட்டியது. அது எவரையும் குற்றவாளி எனத் தீர்க்கவில்லை. கேள்வியை மட்டுமே எழுப்பிற்று. அங்கே கருவி பணத்துக்குரியவரின் கையில் இருந்தது என்பதே கருதத்தக்கது. எமது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டமும் இத்தகைய கேள்விகளுக்கு வாயில் திறந்துள்ளது. அவ்வாயிலில் நுழையும் மாணவர் எத்தனை பேர் என்பது வேறு கதை.

உடலின் நிலையோ மறுதலையாக மாறிவருகின்றது. 2018 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஜோன் ஹான்கொக் நிறுவனம், தனது ஆயுட் காப்புறுதிகள் யாவற்றுடனும் உடற்பயிற்சியைக் கணனிவழிப் பதிவுசெய்யும் திட்டத்தை இணைப்பதாக அறிவித்தது. பங்குபற்றுவது அவரவர் விருப்பம், நடப்பவருக்குச் சலுகையுண்டு. அத்தகைய ஏட்டில் ஏறியதும் நண்பரின் கையாட்டம் வேடிக்கையாக நில்லாது மோசடியாகிவிடும். அளப்பவரும் அளக்கப்படுபவரும் இங்கும் பிரிந்துவிடுகின்றனர்.

இதனை அவரிடம் கூறினேன். தமது காலடிகளின் பதிவு எங்கே சென்று சேர்கின்றது எனத் தாம் ஒருபோதும் வினவியதில்லை என்றார்.